தண்ணி கலக்காத பால்

மாட்டுக்காரன் வீட்டில் மாடு குறைந்தால் ஊர் பரிதாபப்படும். பால் கூடினால் பொறாமைப்படும். குணாளன் வீட்டில் இரண்டும் ஒரே வருடத்தில் நடந்துவிட்டது. எதைப் படுவது என்று தெரியாமல் ஊர் சந்தேகப்பட்டது.

அந்தச் சந்தேகம் குணாளனின் மனைவி ஜெகதீஸ்வரிக்கு முதலில் கண்ணில்தான் பட்டது. காதில் விழக் கொஞ்ச நாளானது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிக் கடலைத் தாண்டி, ஜார்ஜ் டவுனில் இறங்கி, டீயும் ரொட்டியும் விற்கும் பஷீர் பாயின் ஒட்டுக்கடை வாசலில் ஸ்டாண்டு போடுவாள். கடல்மேல் போகும் பாலத்து வழியாக வந்தால் சீக்கிரம் வரலாம். ஆனால் பாலத்து நடுவில் காற்று மோட்டாரைப் பிடித்துத் தள்ளும். கேனோடு கடலுக்குள் போய் விழ அவளுக்கு விருப்பமில்லை. முன்பெல்லாம் அவள் வந்து நின்றால் பசியாறிக்கொண்டிருப்பவர்கள், "வா ஜெகா, பசியாறிட்டியா?" என்பார்கள். இப்போது அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கேனைப் பார்த்தார்கள்.

முன்பு அவர்களிடம் நாட்டு மாடுகள் இருந்தன. எத்தனை என்று குணாளன் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "ஏதோ கெடக்கு" என்பான். நாற்பதுக்குக் குறையாது. தோட்டத்தில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் மேய்ந்து, மத்தியான வெயிலுக்கு அங்கேயே படுத்து, சாயங்காலம் தானாக வீடு வந்து சேரும். பார்த்தால் பெரிய பண்ணை. கறந்தால் ஒரு கேன் நிறைவதற்குள் குணாளனின் விரல்கள் வலித்துப்போகும். கறவையில் இருப்பது பாதிகூட இருக்காது, அதுவும் கன்றுக்குப் போக மீதியைத்தான் இறக்கும். ஆனால் பால் என்றால் அது பால். காய்ச்சி இறக்கி வைத்தால் ஆடை மஞ்சளாகத் தடித்து நிற்கும்.

பிறகு தோட்டத்தின் அந்தப் பக்கம் வீடமைப்புக்காரன் கைக்குப் போனது. மரங்கள் சாய்ந்தன, தாமான் என்ற குடியிருப்பு எழுந்தது, வேலி வந்தது. மாட்டுக்கு வேலி தெரியுமா? பழைய வழியிலேயே போய்ப் புது வீட்டு வாசல்களில் நின்ற பூச்செடிகளைத் தின்றது. போலீஸ்காரர் ஒரு தடவை வந்தார், நகராட்சி ஆள் இரண்டு தடவை வந்தார். மூன்றாவது தடவை யாரும் வருவதற்கு முன் குணாளன் ஹாஜிப் பெருநாள் குர்பானிக்கு வாங்கும் வியாபாரிக்கு மாடுகளை விற்றுவிட்டான். லோரி வந்த அன்று ஜெகதீஸ்வரி பாயான் லெப்பாசில் இருக்கும் மகள் சாந்தினி வீட்டுக்குப் போய்விட்டாள். போனவள் அங்கே அழுதுகொண்டேதான் இருந்தாள்.

அதற்குப் பதிலாக வந்தவை ஒன்பது கலப்பு மாடுகள். கறுப்பும் வெள்ளையுமாக, ஆளுயரத்துக்கு. கால்நடை அலுவலகத்து ரோஹானா சொல்லித்தான் வாங்கினார்கள். கொட்டகையை விட்டு வெளியே போகாத மாடுகள். டௌஹூ ஆலையிலிருந்து சோயாச் சக்கை வரவேண்டும், பெல்லட் தீவன மூட்டை வரவேண்டும், ஜெகதீஸ்வரி வெட்டிப் போடும் நேப்பியர் புல் வேண்டும், தலைக்கு மேல் காற்றாடி சுழல வேண்டும். மருமகனைக் கவனிப்பதுபோல் கவனித்தார்கள். மாடும் சும்மா சொல்லக்கூடாது, மெஷினை மாட்டினால் குழாய் திறந்ததுபோல் கொடுத்தது. ரோஹானாவுக்கு ஒரே சந்தோஷம். "லெம்பு சிக்கிட், சூசு பாஞ்ஞாக்!" என்று கை தட்டினாள். மாடு கொஞ்சம், பால் நிறைய. அவளுடைய மேலதிகாரிகளுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஆனால் அந்தப் பால் வெளுப்பு. நீர்ப்பு. அந்த ஜாதி மாட்டுப் பால் அப்படித்தான் இருக்கும். ரோஹானா பாலில் மீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்து, "நல்ல பால்" என்றாள். மீட்டர் சொன்னதை பஷீர் பாயின் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை.

* * *

பஷீர் கடையில் இரண்டு வகைத் தேநீர் உண்டு. ஒன்று சாதாரணத் தே, டின் பால் ஊற்றியது. இன்னொன்று 'சூசு லெம்பு' தே, ஜெகதீஸ்வரியின் பசும்பால் ஊற்றியது. அதற்கு விலை ஒரு வெள்ளி கூட. விலை கூடக் கொடுக்கிறவனுக்கு நாக்கும் கொஞ்சம் கூட நீளம்.

அன்று வெயில் காலையிலேயே சுள்ளென்று இருந்தது. பஷீர் தேயை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு நீளமாக ஆற்றி, நுரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. பாலு தண்ணியா இருக்குது."

"புது மாடு பாய். அதோட பாலு அப்படித்தான்."

"மாடு புதுசா பழசான்னு கஸ்டமருக்கு என்னா தெரியும்? வெள்ளி கூட குடுத்துட்டு, பாய் டின் பாலே தேவலைங்கிறான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லு?"

பக்கத்து மேசையில் வேலு இருந்தார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கி ஓய்ந்தவர். பின் சந்தில் இருக்கும் முனீஸ்வரர் கோயிலுக்குத் தலைவர். கோயிலுக்கு அபிஷேகப் பாலும் ஜெகதீஸ்வரிதான் கொடுக்கிறாள். வேலு ரொட்டிச் சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே பேசினார். அவருக்கு வாயில் ரொட்டி இருக்கும்போதுதான் நியாயம் நன்றாக வரும்.

"ஜெகா, எனக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்லு. முன்ன எம்மாம் மாடு ஒங்களுக்கு? நானே வந்து பாத்துருக்கேன். ரோட்ட அடச்சிக்கிட்டு நிக்கும். அப்ப நீ கொண்டாந்தது ஒரு கேன்னு. அதுவும் தளும்பாது."

"ஆமாண்ணே."

"இப்ப மாடெல்லாம் போச்சு. நிக்கிறது ஒரு கைப்புடி. கொண்டார்றது ரெண்டு கேன்னு. அது எப்படிலா? ஹார்பர்ல ஆளு கொறஞ்சா சரக்கு கூடுமா?"

"ஹார்பர்ல கிரேன் வந்தப்ப ஆள கொறச்சாங்களே, சரக்கு கூடலயா அண்ணே?"

கடையில் யாரோ சிரித்தார்கள். அது நல்ல பதில்தான். ஆனால் கிரேன் வந்ததால் வேலை போனவர் வேலு. அந்தப் பதிலை அவர் மறக்கப்போவதில்லை என்பது அவர் ரொட்டியை நகர்த்தி வைத்த விதத்திலேயே தெரிந்தது.

"கிரேன் சரக்குல தண்ணி ஊத்தாது" என்றார்.

பஷீர் நடுவில் புகுந்தார். "விடுங்கண்ணே. தங்கச்சி, நான் நேரா சொல்லிர்றேன். இந்த மாசத்தோட பாரு, சரியாவலன்னா நான் டின் பாலுக்கே மாறிடுவேன். கடைய நடத்தணும்லா."

பஷீர் போனால் டவுனில் மற்ற கடைகளும் போகும். எல்லோரும் பாயின் நாக்கைப் பார்த்துத்தான் பால் வாங்குகிறார்கள். ஜெகதீஸ்வரி காலிக் கேனைக் கட்டிக்கொண்டு ஃபெரிக்குத் திரும்பினாள்.

வீட்டில் குணாளன் மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நெத்திலிச் சம்பல், கீரை. அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தான்.

"பாய் மாறிட்டாருன்னா என்னங்க பண்றது?"

"மாற மாட்டான். ஒரு வாரம் பொறு. தீவனத்த மாத்துறேன். கெட்டியாயிடும்."

"தீவனத்துல மாறுமா?"

"மாறும்லா. நீ புல்ல மட்டும் பாரு. கறக்குற நேரத்துல கொட்டாய்க்கு வராத. இந்த மாட்டுக்கு வேற ஆளு நடமாட்டம் இருந்தா பால எறக்க மாட்டேங்குது."

இருபத்தைந்து வருடமாக மாட்டோடு மாடாகக் கிடந்தவள் அவள். நாட்டு மாடு அவள் சேலை வாசத்துக்கே பால் சுரக்கும். இப்போது அவள் வேற ஆளாம். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

* * *

ஒரு வாரம்கூட ஆகவில்லை, பால் கெட்டியாகிவிட்டது.

பஷீர் ஆற்றினார், நுரை குவளைக்கு மேல் எழுந்து நின்றது. குடித்துப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். "இது! இதத்தான் கேட்டேன். பழைய பாலு வந்திருச்சு தங்கச்சி. உக்காரு, நாசி லெமாக் சாப்பிட்டுட்டுப் போ, பாய் கணக்கு."

ஜெகதீஸ்வரிக்கு அன்று ஃபெரியில் வந்த கடல் காற்றுகூட இனித்தது. நாசி லெமாக்கைப் பிரித்து இரண்டு வாய் வைத்திருப்பாள். வேலு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"பாலு நல்லாருக்கு ஜெகா."

"சந்தோஷம்ண்ணே."

"போன வாரம் தண்ணியா இருந்துச்சு. இந்த வாரம் கெட்டியா இருக்கு. மாடு அதே மாடுதானே?"

"அதே மாடுதான்."

"அப்ப போன வாரம் தண்ணி ஊத்துனீங்க, பாய் சத்தம் போட்டதும் நிப்பாட்டிட்டீங்க. அதானே?"

அவள் எடுத்த வாய்ச் சோற்றைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டாள். பால் நீர்த்தபோது திருட்டுப் பட்டம் பாதிதான் கட்டினார்கள். பால் கெட்டியானதும் முழுதாகக் கட்டிவிட்டார்கள். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"தீவனத்த மாத்துனோம்ண்ணே."

"எந்த தீவனம் ஒரு வாரத்துல பால இப்படி மாத்தும்? நான் கோயில் பொறுப்புல இருக்கேன். சாமி தலையில தண்ணியும் பாலுமா ஊத்த வச்சிட்டீங்கன்னா, நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. திருவிழா வேற வருது, பால்குடம் எடுக்கிறவங்க எல்லாம் ஒங்கிட்டத்தான் சொல்லி வைக்கணும். இல்ல வேற ஆளுகிட்ட. வெள்ளிக்கெழம வா. முனி முன்னால சூடம் அணச்சு சத்தியம் பண்ணிரு. அதுக்கப்பறம் ஒரு பய வாய் தொறக்க மாட்டான். நானும்தான்."

பஷீர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "உங்க சாமி விசயம், நான் பேசல. ஆனா செஞ்சிட்டா நல்லதுதான் தங்கச்சி. எனக்கும் மனசு நெறஞ்சிரும்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது, பயம் இல்லை. கலக்காதவளுக்கு என்ன பயம்? வருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது குணாளன் புல் நறுக்கும் மெஷினை நிறுத்தினான். நிறுத்திவிட்டு அதன் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் வந்து அணைக்கவா?" என்று கேட்டான்.

"என்னத்தானே கூப்ட்டாங்க. நான்தானே பால கொண்டு போறேன்."

"சரி. என்ன சொல்லுவ?"

"பாலு சுத்தம்னு சொல்லுவேன்."

"அப்படி சொல்லாத." உடனே சொன்னான். "சுத்தம்னா ஆயிரம் இருக்கு. ஈ விழும், தூசி விழும். அவங்க கேக்குறது என்ன? தண்ணிதானே? ஒரு சொட்டு தண்ணி கலக்கல, இதுக்கு முன்னயும் கலந்ததில்ல. அத மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லாத."

"ஏன் இப்படி அளந்து பேசுறீங்க?"

"சத்தியம்னா அளந்துதான் பேசணும்" என்றான். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

அவள் அவன் முதுகைப் பார்த்தபடி நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதன் ஒரு பேச்சையும் யோசித்துப் பேசியவன் இல்லை. சந்தைக்குப் போனாலும் தன் மாட்டின் குறையைத் தானே சொல்லி விலையைக் கெடுத்துக்கொள்கிறவன். அவனுக்கு இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாள். நினைத்ததை உடனே தள்ளியும் விட்டாள். ஊர்தான் சந்தேகப்படுகிறது என்றால் நாமுமா?

வெள்ளிக்கிழமை முனீஸ்வரர் முன்னால் கூட்டம் ஒன்றும் இல்லை. வேலுவும் இன்னும் இரண்டு கோயில்காரர்களும்தான். முனி சுருட்டும் அரிவாளுமாக முறைத்துக்கொண்டிருந்தார். தட்டில் சூடம் எரிந்தது. வேலு, "யாரு மேல சொல்ற?" என்று கேட்டார். யார் மேல் என்று அவள் யோசித்து வரவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"என் மக சாந்தினி மேல சத்தியமா, ஒரு சொட்டு தண்ணி கலக்கல. இதுக்கு முன்னயும் கலந்ததில்ல."

உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். சாந்தினிக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை.

* * *

பஷீரின் மனைவி நூர்ஜான் கடைக்குப் பின்னால் சமையல் பக்கம் இருப்பவள். தினமும் பால் சட்டியிலிருந்து ஆடையை வழித்துச் சேர்த்து வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை கடைந்து நெய் உருக்குவாள். அந்த நெய்யில்தான் அவள் வீட்டு நெய்ச்சோறு. சத்தியம் முடிந்து சில நாள் கழித்து, ஜெகதீஸ்வரி காலிக் கேனைக் கழுவப் பின்பக்கம் போனபோது நூர்ஜான் அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"என்னா நூரு?"

"வெண்ண தெரள மாட்டேங்குதுக்கா. எம்புட்டு நேரம் கடஞ்சாலும் மாவு மாதிரி கலங்கியே கெடக்கு. விட்டு உருக்கிப் பாத்தேன். நெய் வாசம் இல்ல. எண்ண வாசம் அடிக்குது."

"என்ன எண்ண?"

நூர்ஜான் வெளியே பஷீர் இருக்கும் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். அலமாரியிலிருந்து டின் பால் ஒன்றை எடுத்து அவள் முன்னால் திருப்பிக் காட்டினாள். "இதுல என்னா எழுதிருக்கான் பாருங்க. கிரீமர். நம்ம வாய்தான் சூசு சூசுங்குது, உள்ள பாதி செம்பன எண்ண. இதே வாசம்தான்க்கா ஒங்க பாலுலயும். தண்ணி கலக்கலன்னு நீங்க சத்தியம் பண்ணுனது எனக்குத் தெரியும். நான் நம்புறேன். ஆனா தண்ணிதான் கலக்கலன்னு..." என்று நிறுத்தினாள். "அவருகிட்ட நான் சொல்லல. அவருக்கு தே நல்லாருக்கு, அது போதும்."

ஜெகதீஸ்வரி கேனைக் கழுவாமலே கட்டினாள்.

ஃபெரியில் இருக்கும்போது சாந்தினி போன் செய்தாள். கிளினிக் போய் வந்தாளாம். கால் வீங்கியிருக்கிறதாம், பிரஷர் கூடவாம், அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்களாம். "எல்லாருக்கும் வர்றதுதான்மா, நர்ஸ் சொன்னாங்க. ஏன் அழுறீங்க?" என்றாள். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று பொய் சொல்லி வைத்தாள். உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் இப்போது எரிவதுபோல் இருந்தது.

சாயங்காலக் கறவை நேரத்தில் அவள் நேராகக் கொட்டகைக்குள் போனாள். ஒரு மாடும் மிரளவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. மெஷின் பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தது. குணாளன் ஒரு வாளிக்கு முன்னால் குந்தியிருந்தான். வாளியில் சூடான பால். பக்கத்தில் வாய் பிரிந்த மூட்டை. கரண்டியால் வெள்ளை மாவை அள்ளிப் போட்டு மத்தால் கலக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"என்னங்க இது?"

"கிரீமர். கேக் சாமான் கடையில மூட்டையா விக்கிறான்."

"எம்புட்டு நாளா?"

"பாய் மாறப்போறேன்னு சொன்னான்ல, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு."

"அப்ப நான் சூடம் அணச்சது?"

"அதுல என்ன பொய் இருக்கு?" அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "தண்ணி கலக்கலன்னுதானே சொன்ன? கலக்கலயே. தண்ணியில கரைச்சா சுலபம் ஜெகா, கட்டி விழாது. ஒன் சத்தியத்துக்காகத்தான் பாலயே சுட வச்சு, அதுலயே கரைக்கிறேன். கை வலிக்குது. ஒரு சொட்டு தண்ணி உள்ள போகல, நீ வேணும்னா பக்கத்துல நின்னு பாரு."

"முனி என்ன லாயரா? வார்த்தய பிரிச்சு பிரிச்சு பாத்துட்டு சும்மா விட்டுருவாரா? மக மேலங்க! சாந்தினி மேல அணச்சேன்!"

அவன் கை நின்றது. "மக மேலயா? அத ஏன் என்கிட்ட சொல்லல?"

"இத நீங்க சொன்னீங்களா?"

குணாளன் மத்தை வாளி விளிம்பில் தட்டினான்.

"நான் நல்ல பாலத்தான் குடுத்தேன். மாடு குடுத்தத அப்படியே குடுத்தேன். தண்ணின்னு சொன்னாங்க. எத்தன வருசம் இந்தக் கையால கறந்தேன், ஒரு நாளு தண்ணி ஊத்திருப்பனா? ஊத்தாதப்ப திருடன்னாங்க. இத போட்டதும் பழைய பாலு வந்திருச்சுங்கிறாங்க. நான் என்ன செய்ய? பொறந்ததுலேர்ந்து டின்னு பாலு குடிச்ச நாக்கு. அதுக்கு இதான் பாலு." மூட்டையைக் காலால் தள்ளினான். "செம்பனைக்கு அடியில மேஞ்சப்ப வேலி போட்டான். இப்ப செம்பன பாலுக்குள்ளயே வந்து மேயுது. இதுக்கு எவனும் வேலி போடல."

அவளுக்கு அவன்மேல் பரிதாபம் வந்தது. அந்தப் பரிதாபத்தை அப்போது வைத்துக்கொள்ள இடம் இல்லை.

"நாளைக்கு மாவு போடாம குடுங்க. எனக்கு எம்புள்ள முக்கியம்."

"பாய் வாங்க மாட்டான்."

"வாங்கலன்னா கன்னுக்குட்டிக்கு ஊத்துறேன். குடுங்க."

* * *

மறுநாள் காலைக் கறவைக்கு அவள் கூடவே நின்றாள். காம்பைத் துடைத்ததும் அவள்தான், மெஷினை மாட்டியதும் அவள்தான். துணியில் வடிகட்டிக் கேனில் ஊற்றி மூடியைத் திருகினாள். மூட்டையைத் தூக்கித் தீவன அறையில் போட்டுப் பூட்டினாள். பிறகு கேன்களை மோட்டாரில் கட்டச் சொல்லிவிட்டு, சேலை மாற்ற வீட்டுக்குள் போனாள். வந்தபோது குணாளன் ரப்பர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"போய்ட்டு வா" என்றான்.

மழை பெய்து ஓய்ந்த காலை. கடல் கலங்கிக் கிடந்தது. பல நாளுக்குப் பிறகு அவள் நெஞ்சில் பாரம் இல்லாமல் ஃபெரியில் நின்றாள். சாந்தினிக்குப் போன் செய்து, கால் வீக்கம் எப்படி என்று கேட்டாள். இன்றைக்குக் கொஞ்சம் தேவலை என்றாள் மகள். பார்த்தாயா என்று ஜெகதீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடையில் நூர்ஜான் இல்லை. கூலிமில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பஷீர் பாலைக் காய்ச்சி முதல் தேயை ஆற்றினார். நுரை எழுந்தது, அப்படியே அடங்கியது. இன்னொரு தடவை ஆற்றினார். குடித்தார். குவளையை மெல்லக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, என்னா இது?"

"என்னா பாய்?"

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

வேலு எழுந்து வந்தார். பஷீர் கையிலிருந்த குவளையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். அவர் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்து போனது.

"சூடம் அணச்சு ஒரு மாசம்கூட ஆகல ஜெகா. பெத்த புள்ள பேர சொல்லி அணச்ச."

"அண்ணே, இன்னைக்குத்தான் சுத்தமான..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குத்தானா? அப்ப நேத்து வரைக்கும்?"

இன்றைய பாலைக் காப்பாற்றினால் நேற்றைய பால் மாட்டும். நேற்றையதைக் காப்பாற்றினால் இன்றையது மாட்டும். பசியாறிக்கொண்டிருந்தவர்கள் கையில் ரொட்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல வந்தவள் திருடிபோல் முழித்துக்கொண்டு நின்றாள்.

பஷீருக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஒரு தே ஆற்றி அவளிடம் நீட்டினார். "நான் பொய் சொல்லல தங்கச்சி. நீயே குடிச்சுப் பாரு."

அவள் வாங்கிக் குடித்தாள். ஒரு மிடறு. இன்னும் ஒன்று.

தண்ணீராகத்தான் இருந்தது.

அவளுக்குத் திக்கென்றது. இத்தனை நாளாக இந்தக் கடையில் பாய் கணக்கில் குடித்த தே எல்லாம் அந்தக் கெட்டிப் பாலில் போட்டது. அவளுக்கும் நாக்குதானே இருக்கிறது, அதுவும் பழகியிருக்கும். அது ஒரு பக்கம் புரிந்தது. இன்னொரு பக்கம், அவள் சேலை மாற்றப் போனதும், திரும்பி வந்தபோது அவன் கேனுக்குப் பக்கத்தில் குனிந்திருந்ததும் கண் முன்னால் வந்தது. அவள் தோற்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்தால்? மாவுதான் சரி என்று அவளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தால்?

"இந்தக் கேன்ன எடுத்துட்டுப் போயிரு" என்றார் பஷீர். "நாளைக்கு நேத்து மாதிரி கொண்டா. இல்லன்னா வராத. பாய் ஒரு பேச்சுத்தான் பேசுவேன்."

அவள் கடை வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் ஒரு தூணோரம் ஒதுங்கிப் போனை எடுத்தாள். அந்தப் பக்கம் கொட்டகையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் சத்தம் கேட்டது.

"வாங்கலயா?" என்றான் குணாளன்.

"நான் சேல மாத்தப் போனப்ப கேன்ன தொறந்தீங்களா?"

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எதுக்கு தொறக்குறேன்?"

"கேக்குறேன்ல. தண்ணி ஊத்துனீங்களா?"

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நம்பியிருப்பாள். அவன் களைத்துப்போன குரலில், "நாளைக்கு எப்படி அனுப்பணும், நீயே சொல்லிடு" என்றான்.

கடைக்குள் பஷீர் அவளுடைய பால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஒரு டின்னை வெட்டித் திறந்துகொண்டிருந்தார். வேலு இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகதீஸ்வரி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, போனை வாய்க்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"மாவு போட்டுக்குங்க" என்றாள். "தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க."